மாப்ளே முதலாளி ஆன அன்று

அப்பா அன்றைக்கு மில் கேட்டுக்கு வந்தபோது பகல் ஷிப்டு விட்டிருந்தது. நாங்கள் பெண்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தோம். தலையில், புருவத்தில், ரவிக்கைத் தையலில் எல்லாம் பஞ்சு. தூரத்திலேயே அப்பாவின் சைக்கிளை அடையாளம் கண்டுகொண்டேன். ஹேண்டில்பாரில் ஒரு தகர வாளி தொங்கியது.

வாளிக்குள் சேறு இருந்தது. கிணற்றின் அடியிலிருந்து அள்ளிய கறுப்புச் சேறு. இன்னும் ஈரம் காயவில்லை.

காதர் அண்ணன்தான் கேட்டில் வாட்ச்மேன். அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியும். எப்போது வந்தாலும் அப்பா சைக்கிளிலிருந்து இறங்காமலே, "காதரு, மாப்ளே இருக்கானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விடுவார். மில்லின் சொந்தக்காரரை 'மாப்ளே' என்றும் 'அவன்' என்றும் போடி டவுனுக்குள் சொல்லக்கூடிய ஒரே ஆள் அப்பாதான்.

அன்று அப்பா இறங்கினார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மொதலாளியப் பாக்கணும். உள்ள இருக்காகளா?" என்றார்.

காதர் அண்ணன், அப்பாவுக்குப் பின்னால் வேறு யாராவது நின்று கேட்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. அப்பா கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வாசகர் கேட்ட கேள்வி

நான் மில் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சென்ற இதழில் படித்துவிட்டு, திண்டுக்கல் வாசகர் ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இந்த மாதிரிப் பெரிய முதலாளிகள் ஊரை வாழவைத்தார்களா, உறிஞ்சினார்களா? இரண்டில் ஒன்று சொல்லுங்கள், வழவழா கொழகொழா வேண்டாம் என்கிறார்.

ஐயா, என் விஷயத்தில் வழவழா கொழகொழாதான் கிடைக்கும். என் அப்பா மில் சுவருக்கு இந்தப் பக்கம் விவசாயி. நான் சுவருக்கு அந்தப் பக்கம் மில்லில் நூல் சுற்றினவள். சோறு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. அதனால் தீர்ப்பைக் கேட்காமல் அந்த வாளியின் கதையைக் கேளுங்கள். அதற்கு முன்னால் அந்த மில் முதலாளி, முத்தையா மாமா, யார் என்று சொல்லிவிடுகிறேன்.

அட்டைக்குப் பயந்த ஆள்

முத்தையா மாமா அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அத்தை மகன். அப்பாவைவிடச் சற்று இளையவர். ஆகவே அவருக்கு அப்பா 'மச்சான்', அப்பாவுக்கு அவர் 'மாப்ளே'. எங்கள் பக்கத்தில் இந்த முறைக்கு இருக்கிற செல்வாக்கு வேறு எதற்கும் கிடையாது. மாப்ளே என்று கூப்பிட உரிமை உள்ளவன் கேலி செய்யலாம், அடுப்படிவரை போய்க் குழம்புச் சட்டியைத் திறந்து பார்க்கலாம், நாலு பேர் முன்னால் வையலாம். வசவு வாங்கினவன் கோபித்துக்கொண்டால்தான் ஊர் சிரிக்கும்.

இளவட்டங்களாக இருந்தபோது இரண்டு பேரும் சேர்ந்துதான் குரங்கணி வழியாக மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனார்கள். மழைக்காலத்தில் ஏலச் செடிக்குள் நடந்தால் அட்டை ஏறாத கால் கிடையாது. அப்பா சுண்ணாம்பு தடவிப் பார்த்தார், புகையிலைத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒருநாள் காலையில் எழுந்தபோது இமையில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததாம். போட்டது போட்டபடி இறங்கியவர் எங்கள் ஊரான ராசிங்காபுரம் வந்துதான் நின்றார்.

மாமா மலையிலேயே தங்கிவிட்டார். மலையாளம் பழகிக்கொண்டார். காய் எடுக்கவும் வாட்டவும் தரம் பார்க்கவும் கற்றுக்கொண்டார். முதலில் கங்காணி, அப்புறம் குத்தகை, அப்புறம் சொந்தத் தோட்டம், போடியில் ஏலக்காய் சேர்த்து வைக்கக் கிட்டங்கி. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜீப்பும் வந்துவிட்டது.

அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "அந்த அட்டை மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நாந்தான் மொதலாளி. அவன் என் தோட்டத்துல தண்ணி பாச்சிக்கிட்டு இருப்பான்." இதை மாமாவை வைத்துக்கொண்டே சொல்வார். மாமா விழுந்து விழுந்து சிரித்து, "மதி மச்சான், மதி" என்பார். போதும் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவருக்கு மலையில் ஒட்டிக்கொண்ட அந்த 'மதி'தான் வரும்.

அந்த ஜீப்பு மேலே போகும்போது அரிசி லோடு, இறங்கும்போது ஏலக்காய் லோடு. வழியில் யாருக்காவது பிரசவ வலி என்றால் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டுப் பெண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது டிரைவருக்கு மாமா போட்ட உத்தரவு. என் சிநேகிதி ஒருத்தி பாதி வழியில் அந்த ஜீப்பிலேயே பிறந்தவள். அவளுக்கு ஜீப்பு என்றே பட்டப்பெயர் நின்றுவிட்டது.

அதே மாமாதான் காய் வாட்டும் அடுப்புக்காகச் சரிவில் நின்ற காட்டு மரங்களையும் சாய்த்தார். மலையின் ஒரு பக்கம் மொட்டையானது போடி பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. கேட்டால், மரம்தானே, வளர்ந்துவிடும் என்பார். சில இடங்களில் வளர்ந்தது.

மில்லுக்குள் பனி

மலையில் சம்பாதித்ததைக் கீழே கொண்டுவந்து மாமா நூல் மில் கட்டினார். எங்கள் தோட்டத்துக்கும் மில்லுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். திறப்பு விழாவில் அப்பாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா அதில் உட்காராமல், தானே கட்டின மில் மாதிரி வந்தவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குமுன் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருந்த வேலைகள் இரண்டு. மலைக்குப் போய்க் காய் எடுப்பது, அல்லது கிட்டங்கியில் உட்கார்ந்து ரகம் பிரித்துக் காய் பொறுக்குவது. அம்மா காய் பொறுக்கினவள். சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. மில்லிலோ மாதாமாதம் சம்பளம், அதுவும் எங்கள் கையிலேயே தருவார்கள். "வெரசா கெளம்புடி, சங்கு ஊதிருவான்" என்று அம்மா என்னை விரட்டிய விரட்டலில், அவளுடைய இளமைக்கால ஆசையும் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு வீட்டில் குரல் ஏறும். எனக்கும் ஏறியது. பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மில்லுக்குள் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பனி. காற்று காய்ந்திருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் மேலே குழாய் வைத்து, தண்ணீரைப் புகைபோலத் தெளிப்பார்கள். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே எங்கள் தலைமேல் மலைக்காட்டுப் பனி மெல்ல இறங்கும். முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்று மேஸ்திரியிடம் வசவு வாங்கியிருக்கிறேன்.

சரசுவின் இருமல்

என் பக்கத்து மெஷினில் நின்ற சரசுவுக்குப் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. இருமினாள் என்றால் நிற்க மாட்டாள். விஷயம் மாமா காதுக்குப் போனது. உடனே அவளைக் குரங்கணிக்கு மேலே இருந்த தன் தோட்டத்து பங்களாவுக்கு அனுப்பி, சம்பளத்தோடு ஒரு மாதம் தங்க வைத்தார். பாலும் முட்டையும் கொடுத்து, டாக்டரையும் அனுப்பிப் பார்த்துக்கொண்டார். சரசு கன்னம் உப்பித் திரும்பி வந்தாள்.

வந்து அதே தூசிக்குள் நின்றாள். தூசியை வெளியே இழுக்கிற பெரிய விசிறிகள் போட வேண்டும் என்று யூனியன்காரர்கள் கேட்டபோது, மாமா அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார்.

அவர் குணமே அது. நோய் வந்தால் ஓடி வந்து வைத்தியம் பார்ப்பார். நோய் வராமல் பார்க்க மாட்டார். எனக்கு இதில் இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. ஆனாலும் அவரை வெறுக்க என்னால் முடிந்ததில்லை.

கிணறு வற்றியது

மில் பெரிதானது. புது மெஷின்கள் வந்தன. தொழிலாளிகளுக்கு வரிசை வீடுகளும், வீட்டுக்கு வீடு குழாயும் வந்தன. இத்தனைக்கும் தண்ணீர் வேண்டுமே. சுவரை ஒட்டி, எங்கள் கிணற்றைப் போலப் பலமடங்கு ஆழத்துக்கு ஒரு போர் போட்டு மோட்டார் வைத்தார்கள்.

அந்த வருஷம் பார்த்து மழையும் ஏமாற்றியது. அப்பா வாழை போட்டிருந்தார். தோட்டம் முழுக்கக் குலை தள்ளி நின்ற நேரத்தில், கிணறு நாளுக்கு நாள் இறங்கியது. காலையில் ஊறியிருக்கிற தண்ணீர் ஒரு பாத்தி நனைவதற்குள் தீர்ந்துபோகும். இலைகள் ஓரத்தில் பழுத்துச் சுருண்டன. அந்த வாழை போனால் அந்த வருஷமே போனது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் வேலை முடிந்து, வழக்கம்போல வரப்பு வழியாக வீட்டுக்கு வந்தேன். அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். என் தலையைப் பார்த்தார். பஞ்சு ஒட்டியிருந்த முடியில் அந்தப் பனியின் ஈரம் இன்னும் இருந்தது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள்தான் அவர் வாளியோடு மில்லுக்கு வந்தார்.

வாளி உள்ளே போனது

நானும் பின்னாலேயே ஓடினேன். ஆபீஸ் அறையில் மாமாவும் கோயம்புத்தூர்க்கார மேனேஜரும் இருந்தார்கள். மேனேஜருக்கு அப்பாவைக் கண்டாலே ஆகாது. மில்லுக்குள் உறவுமுறை சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். அப்பா ஒருவரைத் தவிர எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

மாமா வாளியைப் பார்த்துச் சிரித்தபடி, என்ன மச்சான் இது என்றார்.

"கெணத்துல இன்னைக்கு ஊறுனது இம்புட்டுத்தான் மொதலாளி" என்று வாளியைத் தரையில் வைத்தார் அப்பா.

மேனேஜர் முகம் மலர்ந்தது. தன் சட்டத்துக்கு இந்தக் கிழவரும் ஒருவழியாகப் படிந்துவிட்டார் என்று நினைத்திருப்பார் பாவம். மாமாவின் சிரிப்பு மட்டும் அப்படியே நின்றுபோனது.

பிறகு மாமா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். மில் தொட்டியிலிருந்து தோட்டத்துக்குப் பைப் போட்டுத் தருகிறேன் என்றார். நிலத்தை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். மில் தோட்டத்தைக் கவனிக்கிற வேலை தருகிறேன், நிழலில் உட்காரலாம் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"நீங்க குடுக்குறதுல கொறை வைக்க மாட்டீக மொதலாளி. நான் குடுக்கச் சொல்லி வரலை. எடுக்காம இருக்கச் சொல்லி வந்தேன்" என்றார்.

மாமா எழுந்துவிட்டார். "மோட்டார நிறுத்துனா நூலு அறுந்துரும் மச்சான். நூலு அறுந்தா இந்தப் புள்ளைகளுக்கு ஏது சோலி? ஓம் மகளுக்கும் சேத்துத்தான சொல்றேன்."

இரண்டு பேரும் வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா சொன்னதிலும் பொய் இல்லை. அப்பா கேட்டதிலும் தப்பில்லை. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதை மறுக்கவில்லை என்று அப்பா சொன்னார். வாழை குலை தள்ளி நிற்கிறது என்றும் சொன்னார். அத்தோடு வெளியே போய்விட்டார். வாளி அங்கேயே இருந்தது.

மாமா வெகுநேரம் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார். "ஏம்புள்ள ஈஸ்வரி, ஒங்க அப்பன் என்னைய மொதலாளிங்கிறான்?"

ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. மந்திரிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதற்கெல்லாம் கலங்காத மனிதர், அந்த ஒரு வாயிலிருந்து வந்ததும் பிள்ளையைப் போல உடைந்து உட்கார்ந்திருந்தார்.

வாழை வெட்டுகிறவரை சுவரோரத்து மோட்டாரைப் போடக்கூடாது, மில்லின் பழைய கிணற்றுத் தண்ணீரை வரிசை வீடுகளுக்கு மட்டும் விடுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் நூல் கணக்கை ஆரம்பித்தார்.

"மதி" என்றார் மாமா.

நூல் அறுந்த கோடை

மில்லுக்குள் பனி நின்றது. அந்தக் கோடையை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம். நூல் அறுந்தபடியே இருந்தது. அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று அறும். விரல் இடுக்கெல்லாம் நூல் அறுத்துச் சிவந்துவிட்டது. ஒங்க அப்பன் வாழைக்கு நாங்க ஏண்டி சாகணும் என்று என்னை ஏசாத பெண் கிடையாது. சரசு இருமிக்கொண்டே ஏசினாள். நானும் முடிச்சுப் போட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

கிணற்றில் மெல்ல மெல்ல ஊற்று திரும்பியது. வாழை பிழைத்தது. வெட்டு அன்று மாமா தானாகவே வந்து வரப்பில் நின்றார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்ளே, சும்மா நிக்காத. அந்தத் தாரத் தூக்கி வண்டியில வையி" என்றார்.

மாமா தோளில் தாரைச் சுமந்துகொண்டு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. வாழைக் கறை படிந்த அந்தப் பட்டுச் சட்டையை அத்தை எப்படித் துவைத்தாளோ தெரியாது. தார் பழுத்ததும் அப்பா எங்கள் செக்‌ஷனுக்கே பழம் கொண்டுவந்து கொடுத்தார். சரசு ஒன்றை உரித்தபடி, ஒவ்வொரு பழத்திலும் எங்கள் முடிச்சு இருக்கிறது பெரியப்பா என்றாள். அப்பா சிரித்தார். ஆனால் அதை மனசில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் அனுப்பிய நூலில் முடிச்சு அதிகம் என்று பெரிய வியாபாரி ஒருவர் லோடைத் திருப்பி அனுப்பியதையும், அதற்குப்பின் அவர் எங்கள் மில்லுக்கு வரவே இல்லை என்பதையும், அப்பா டீக்கடையில் கேள்விப்பட்டார். அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மாமா செய்தது அந்த ஒரு வெள்ளாமைக்கு மட்டும்தான். அடுத்த வருஷம் மோட்டார் மறுபடி ஓடியது. பனியும் மறுபடி இறங்கியது. அப்பா வாழையை விட்டுவிட்டு எள்ளுக்கும் மொச்சைக்கும் மாறிக்கொண்டார். மாப்ளேயிடம் ஒரு தடவை கேட்கலாம், ஒவ்வொரு வருஷமும் வாளியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்றார். மாப்ளே முறை இல்லாத எத்தனையோ பேருடைய கிணறுகளும் அந்தப் பக்கம் இறங்கின. அவர்கள் யாரிடம் போய்ச் சொல்ல?

கேட்டில் பூட்டு

எண்பதுகளின் நடுவில் பஞ்சு விலை ஏறியது, நூல் விலை இறங்கியது, கரண்டு பாதி நாள் இல்லை. மில்லை நடத்த மாமா குரங்கணித் தோட்டத்தை விற்றார். ஜீப்பை விற்றார். ஆட்களைக் குறைத்தால் தப்பிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவரைக்கூட வெளியே அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார்; கடைசியில் மில்லே மூடி, நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் வெளியே வந்தோம்.

சரசு மலைக்குக் காய் எடுக்கப் போனாள். நான் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில், வேறொருவருடைய கிட்டங்கியில், காய் பொறுக்க உட்கார்ந்தேன்.

மில் மூடிச் சில வாரங்கள் இருக்கும். மழை என்று சொல்ல ஒன்றும் பெய்யவில்லை. இருந்தும் எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பல வருஷமாக நாங்கள் பார்க்காத படிகள் ஒவ்வொன்றாக முழுகின. அப்பா தினமும் போய் எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, திருடிய பொருள் வீட்டில் இருப்பவரைப் போல அக்கம்பக்கம் பார்த்தபடி வருவார்.

ஒரு சாயங்காலம் மாமா நடந்தே வந்தார். மெலிந்திருந்தார். கிணற்றுக்குள் பார்த்தார். நான் மோந்து கொடுத்த தண்ணீரைக் குடித்தார். நல்லாத்தான் இருக்கு மச்சான், இனிமேல் தைரியமாக வாழை போடு என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னார்.

அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

"நான் மோட்டாரத்தான நிறுத்தச் சொன்னேன் மாப்ளே. மில்லையா நிறுத்தச் சொன்னேன்?"